இட்லி மாதிரி தெரிந்த வியாழன்

1610-ம் வருடம், ஏப்ரல் 24, 25 தேதிகள். இத்தாலியில் பொலோன்யா நகரம். கணிதப் பேராசிரியர் மாஜினியின் வீட்டில் இருபதுக்கும் மேற்பட்ட படித்த மனிதர்கள் கூடியிருக்கிறார்கள். கலிலியோ தன் கையால் செய்த தொலைநோக்கியோடு வந்திருக்கிறார். அந்த ஜனவரியில்தான் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டுபிடித்து, மார்ச்சில் புத்தகமும் போட்டுவிட்டார். இப்போது ஊருக்குக் காட்ட வேண்டும்.

காட்டினார். ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை!

கலிலியோவின் குறிப்பேட்டில் முதல் நாள் இரண்டு நிலவுகள், மறுநாள் நான்கு என்று இருக்கிறது. அதே குழாயில் கண்ணை வைத்த விருந்தாளிகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே இருந்த மார்ட்டின் ஹார்க்கி என்ற இளைஞர், இந்தக் கருவி பூமியில் நன்றாக வேலை செய்கிறது, வானத்தில் ஏமாற்றுகிறது என்று கெப்ளருக்கே கடிதம் எழுதிவிட்டார். கெப்ளர் அவசரப்படவில்லை. சில மாதம் கழித்து ஒரு தொலைநோக்கியை இரவல் வாங்கி, தானே பார்த்து, நிலவுகள் உண்மைதான் என்று சொன்னார்.

டெலஸ்கோப் வாங்கின முதல் வாரத்தில் அதைத் திட்டாத ஆளே கிடையாது. அப்படித் திட்டுகிறவர்கள் தனி ஆள் இல்லை, அவர்களுக்குப் பின்னால் நானூறு வருட வரலாறு வரிசையில் நிற்கிறது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. தொலைநோக்கி வரலாறு என்றால் யார் எதை முதலில் கண்டுபிடித்தார்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதே அளவுக்குச் சுவாரசியமான இன்னொரு வரலாறு இருக்கிறது. 'ஏன் மங்கலாகத் தெரிகிறது?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் தேடிக் கண்ட பதில்களின் வரலாறு.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. இங்கே புனேயில் எங்கள் சொசைட்டியில் ஒரு தூத்துக்குடிக்காரர் இருக்கிறார். 2023 தீபாவளி போனஸில் எட்டாவது படிக்கும் மகனுக்காக ஒரு டெலஸ்கோப் வாங்கினார். 114 மில்லிமீட்டர் கண்ணாடி, 900 மில்லிமீட்டர் குவியத் தூரம், நியூட்டன் வகை. பெட்டியில் '675 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்று ராத்திரி மொட்டை மாடியில் நின்றார்கள். நாலாம் நாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, யாராவது கேட்டா பாதி விலைக்குக் குடுத்துருங்க. வியாழன்னு வச்சுப் பார்த்தா இட்லி மாதிரில்லா தெரியுது."

அவர் பின்னால் நின்ற பையன் மெதுவாகக் கேட்டான். "எனக்குத்தான் பாக்கத் தெரியலையா மாமா?"

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை, 'எனக்கு இதெல்லாம் வராது' என்று முடிவு கட்டிவிட்டால் அதைத் திருப்பி வாங்க முடியாது. அதனால் கருவியை விற்பதற்கு முன், ஒவ்வொரு சந்தேகமாக எடுத்துப் பார்ப்போம் என்று மூன்று பேரும் மாடிக்குப் போனோம். அன்றைக்குச் சரிபார்த்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

முதல் சந்தேகம், ஆட்டம். கையில் பிடித்தால் இதயத் துடிப்பும் மூச்சும்கூடக் குழாயை ஆட்டும், எதிலாவது நிலையாகப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று கலிலியோவே 1610-ல் எழுதியிருக்கிறார். அவருடைய கருவி சுமார் இருபது மடங்குதான் பெரிதாக்கியது. அதில் ஒரே சமயத்தில் முழு நிலாகூட அடங்காது, பாதிதான் தெரியும். அவ்வளவு சின்ன ஜன்னல் வழியாக வியாழனைப் பிடிப்பதே பெரிய வேலை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. 18 அடி உயரம், சுமார் 10 டன் எடை. தமிழிலும் அதில் எழுத்து பொறித்திருக்கிறார்கள். இத்தனை பெரிய கல் எதற்கு? நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் ஒரு சிறிய தொலைநோக்கியைத் தாங்குவதற்கு! கருவி சின்னதுதான். அது அசைந்தால் கணக்கு மொத்தமும் போச்சு. அதனால்தான் வானாய்வகங்களில் கருவியைத் தரையில் வைக்காமல், தனி அஸ்திவாரம் போட்டுத் தூண் மேல் வைப்பார்கள்.

நம் ட்ரைபாடுக்குக் கருங்கல் தூண் வேண்டாம். கால்களை முழுசாக நீட்டாமல் பாதி நீளத்தில் வைத்து, நடுத் தட்டில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைத் தொங்கவிட்டோம். குழாயைத் தட்டினால் முன்பு ஐந்தாறு விநாடி ஆடிக்கொண்டிருந்தது, ஒரு விநாடியில் நின்றுவிட்டது.

அடுத்தது ஃபைண்டர். பெரிய குழாயின் முதுகில் இருக்கும் சின்னக் குழாய். இரண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இதை ராத்திரியில் நட்சத்திரத்தை வைத்துச் செய்ய ஆரம்பித்தால் கண்ணீர்தான் வரும். பகல் வெளிச்சத்தில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மொபைல் டவர் உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியை அதன் குறுக்குக் கோட்டில் நிறுத்துங்கள். அவ்வளவுதான். சூரியன் இருக்கும் பக்கமே திருப்ப வேண்டாம். உரிய வடிகட்டி இல்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு தரம் சொல்லுங்கள்.

டவர் தலைகீழாகத் தெரிந்ததும் பையன் சிரித்தான். அது கோளாறு இல்லை, இந்த வகைக் கருவியின் சுபாவம். வானத்தில் மேல் என்ன, கீழ் என்ன!

மூன்றாவது, அந்த 675. இங்கேதான் வில்லியம் ஹெர்ஷல் வருகிறார். இங்கிலாந்தில் பாத் நகரத்தில் சர்ச் ஆர்கன் வாசித்து, பாட்டு வாத்தியாராகப் பிழைத்தவர். 1773-ல் தானே கண்ணாடி தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் காலத்துக் கண்ணாடி என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத் தட்டு. மெருகேற்றும்போது இடையில் கையை எடுத்தால் வடிவம் கெடும் என்று மணிக்கணக்கில் தேய்ப்பாராம். தங்கை கரோலின்தான் பக்கத்தில் நின்று வாயில் ஊட்டிவிடுவார். அந்தக் கரோலின் பிற்பாடு தன் பங்குக்கு வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தது தனிக் கதை.

1781 மார்ச் 13-ம் தேதி ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டபோது அவர் போட்டிருந்த உருப்பெருக்கம் 227. கண்ணாடி 6.2 அங்குலம். சந்தேகம் வந்ததும் 460, 932 என்று ஏற்றிப் பார்த்தார். நட்சத்திரம் என்றால் புள்ளியாகவே இருக்கும், இதுவோ பெரிதானது. ஆக, பெரிய எண்களுக்கு வேலை உண்டு. ஆனால் அதற்கு அவர் கண்ணாடி ஈடு கொடுத்தது. மறு வருடம் கிரீன்விச் வானாய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அரசு வானியலாளரின் கருவிகளைவிட இந்தப் பாட்டு வாத்தியாரின் கருவி நன்றாகக் காட்டியது!

பொதுக் கணக்கு இதுதான்: கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. 114-க்கு 228. பெட்டியில் போட்ட 675 எப்படி வந்தது? 900-ஐ 4 மில்லிமீட்டர் ஐபீஸால் வகுத்தால் 225. அதோடு மூன்று மடங்கு பார்லோ லென்ஸைச் சேர்த்தால் 675. கணக்கு சரி, காட்சி களி. கையகலத் தோசை மாவை வாசல் அளவுக்கு இழுத்த மாதிரி. நண்பர் மூன்று ராத்திரியும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் மாட்டியிருக்கிறார். கழற்றிவிட்டு 25 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டோம். 36 மடங்கு. எப்போதும் இதில் ஆரம்பித்துத்தான் மேலே ஏற வேண்டும்.

பையனின் கேள்விக்கும் ஹெர்ஷலிடம் பதில் உண்டு. அவருடைய பெரிய உருப்பெருக்கங்களை நம்பாதவர்களைப் பற்றி 1782-ல் எழுதிய கடிதத்தில், பார்ப்பதும் பழகிப் பெற வேண்டிய ஒரு வித்தைதான், திடீரென்று ஒருவரை ஆர்கன் முன்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால் வருமா என்ற பொருளில் கேட்கிறார். சரளி வரிசை பாடாமல் கீர்த்தனைக்குப் போக முடியாது என்று நம் வீட்டுப் பாட்டு டீச்சர் சொல்வது போலத்தான்.

நான்காவது, கண்ணாடி. உள்ளே எட்டிப் பார்த்த நண்பர், "தூசியா இருக்கே, துணி வச்சுத் துடைச்சிரலாமா?" என்றார். வெள்ளிக் குத்துவிளக்குக்குத் திருநீறு போட்டுத் தேய்க்கிற கை நம்முடையது, சும்மா இருக்காது. கொஞ்சம் பொறுங்கள், மெல்போர்ன் கதையைக் கேளுங்கள்.

1869-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு பிரம்மாண்டமான தொலைநோக்கி வேலையை ஆரம்பித்தது. டப்ளினில் செய்தது. நான்கடி விட்டமுள்ள உலோகக் கண்ணாடி. கப்பலில் வரும்போது கறுக்காமல் இருக்க அதன் மேல் அரக்கு வார்னிஷ் பூசி அனுப்பியிருந்தார்கள். அதை எடுக்கும்போது மேற்பரப்பு கெட்டது. உலோகக் கண்ணாடியைத் திரும்ப மெருகேற்றுவது என்றால் வடிவத்தையே புதிதாகக் கொண்டுவருவது போல. அந்த வித்தை தெரிந்தவர்களோ கடலுக்கு அப்பால். போதாததற்குக் காற்று வேறு கருவியை ஆட்டியது. எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. இந்தத் தோல்வியால் பெரிய கண்ணாடித் தொலைநோக்கிகள் மேலேயே பல வருடம் நம்பிக்கை போய்விட்டது என்று பின்னாளில் ஜார்ஜ் ரிச்சி என்ற கண்ணாடி நிபுணர் வருத்தப்பட்டார்.

அதற்குள் ஐரோப்பாவில் வழி மாறியிருந்தது. 1850-களின் பின்பாதியில் ஸ்டைன்ஹைல், ஃபூக்கோ இருவரும் கண்ணாடி மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு போடக் கற்றுக்கொண்டார்கள். பூச்சு கறுத்தால் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசலாம், வடிவம் கெடாது. 1930-களில் அலுமினியம் வந்தது. நம் டெலஸ்கோப்பில் இருப்பது அதுதான். மெல்லிய பூச்சு, துணி பட்டால் கீறல் விழும். கொஞ்சம் தூசியால் காட்சி கெடாது. கீறல் நிரந்தரம். துடைக்க வேண்டாம்!

ஐந்தாவதுதான் உண்மையான குற்றவாளி. கூரியரில் ஊர் சுற்றி வந்த குழாயில் கண்ணாடிகள் நேர்கோட்டில் இல்லை. இதைச் சரிசெய்வதற்குப் பெயர் கொலிமேஷன். பயப்படாதீர்கள், வீணைக்குச் சுருதி சேர்ப்பது மாதிரிதான். ஒவ்வொரு முறை வாசிக்கும் முன்பும் சேர்ப்பதை யாரும் வீணையின் குறை என்று சொல்வதில்லையே.

நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நல்ல தொலைநோக்கியில் அது ஒரு குட்டி வட்டமாகவும், சுற்றிலும் மெல்லிய வளையங்களாகவும் தெரியும். இது ஒளியின் அலைத்தன்மையால் வருவது என்று 1835-ல் ஜார்ஜ் ஏரி கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படியானால் வளையம் கோணலாக இருந்தால் கருவி கோணல்! யார்க் நகரத்துக் குக் நிறுவனத்தில் லென்ஸ் வடிவமைத்த டென்னிஸ் டெய்லர், 1891-ல் இதை வைத்தே லென்ஸ்களைச் சோதித்துச் சரிசெய்வது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். வானத்து நட்சத்திரமே சோதனைக் கருவி. செலவு இல்லை.

நாங்கள் செய்தது இது. வெளிச்சம் இருக்கும்போதே ஐபீஸை எடுத்துவிட்டு, நடுவில் சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம். முதலில் தெரிவது சாய்வாக இருக்கும் சின்னக் கண்ணாடி. அதற்குள் பெரிய கண்ணாடி முழு வட்டமாக, அதைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் தெரியும்படி இருக்க வேண்டும். ஒரு கிளிப்பைக் காணோம். சின்னக் கண்ணாடியின் மூன்று திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பியதும் மூன்றும் வந்தன. பிறகு குழாயின் அடியில் இருக்கும் திருகுகள். ஒரு பூட்டுத் திருகு முழுக்கத் தளர்ந்து கிடந்தது. பார்க்கிற கண்ணின் பிம்பம் நட்டநடுவில் வரும்வரை அதைச் சரிசெய்தோம். ஒருவர் பார்க்க, ஒருவர் திருக. அப்பா திருகினார், மகன் "இன்னும் கொஞ்சம்... போதும்... ஐயோ பின்னாடி" என்று அதிகாரம் செய்தான்.

இருட்டியதும் துருவ நட்சத்திரம். புனேயில் இருந்து வடக்கே சுமார் 18.5 டிகிரி உயரத்தில் தெரியும். நகராமல் நிற்கும் என்பதால் சோதனைக்கு வசதி. ஃபோகஸைச் சற்றே கலைத்தால் நடுவில் கருப்புப் பொட்டு வைத்த வடை மாதிரி ஒளி வட்டம் தெரியும். அது கிரகம் இல்லை, சின்னக் கண்ணாடியின் நிழல்தான். பொட்டு நடுவில் இருந்தால் சரி. எங்களுக்கு இடது பக்கம் லேசாக ஒதுங்கியிருந்தது. அடித் திருகில் அரைக்கால் சுற்று, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவா, பார். மூன்று முறையில் முடிந்தது.

ஆனாலும் வியாழன் கொதிக்கிற பால் மாதிரி தளும்பியது. நண்பரின் முகம் மறுபடி வாடியது. அப்போது சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

1917 நவம்பர் 1-ம் தேதி ராத்திரி. கலிஃபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலை. உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி, 100 அங்குல ஹூக்கர், முதல் முறையாக வானத்தைப் பார்க்கப் போகிறது. அதற்காகப் பல வருடம் அலைந்த ஜார்ஜ் எல்லரி ஹேல், உடன் பணியாற்றும் ஆடம்ஸ், விருந்தாளியாகக் கவிஞர் ஆல்ஃப்ரெட் நாய்ஸ். பிரான்ஸில் வார்த்த அந்தக் கண்ணாடிக்குள் காற்றுக் குமிழ்கள் இருந்தன. தேறாது என்று சொன்னவர்கள் உண்டு. ஹேல் வியாழனைப் பார்த்தார். ஒரு வியாழன் அல்ல, ஆறேழு வியாழன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக! இத்தனை வருட உழைப்பும் வீணா?

யாரோ ஞாபகப்படுத்தினார்கள். பகலில் வேலையாட்கள் கூரையைத் திறந்து வைத்திருந்தார்கள், வெயில் கண்ணாடி மேல் விழுந்திருக்கிறது. நான்கரை டன் கண்ணாடி சூட்டில் வீங்கிக் கிடக்கிறது. ஆறட்டும் என்று போய்ப் படுத்தார்கள். தூக்கம் எங்கே வரும்? பின்னிரவு இரண்டரை, மூன்று மணி வாக்கில் திரும்பி வந்தார்கள். ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்பினார்கள். ஊசிமுனை மாதிரி ஒரே புள்ளி! ஆறு வருடம் கழித்து, 1923-ல், ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி உலகம் என்பதற்கான தடயத்தை எட்வின் ஹபிள் கண்டுபிடித்தது இதே கருவியில்தான்.

எங்கள் குழாய் வீட்டுக்குள் இருந்து அப்போதுதான் வந்திருந்தது. பகல் வெயில் குடித்த கான்கிரீட் மாடி வேறு. நிற்கும் இடத்தை ஏசி வெளி யூனிட்டுக்குத் தள்ளி மாற்றிவிட்டு, முக்கால் மணி நேரம் கீழே போய்ச் சாப்பிட்டு வந்தோம். திரும்பி வந்து 36 மடங்கில் வைத்து, பிறகு 10 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டு 90-க்கு ஏற்றினோம். பையன் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு கோடு இருக்குப்பா. பக்கத்துல மூணு புள்ளி... இல்ல, நாலு" என்றான். நோட்டில் படம் வரைந்து நேரம் போட்டான். மறுநாள் புள்ளிகள் இடம் மாறியிருந்தன. விற்கிற பேச்சு அதோடு நின்றது.

இவ்வளவு சாதாரண விஷயங்களில் பெரியவர்கள் கோட்டை விட மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி அற்புதமாக மெருகேற்றியது, ஆனால் தவறான வடிவத்தில். விளிம்பில் தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகு. காரணம், சோதிக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அளவுகோலின் முனையில் பட வேண்டிய ஒளி, மூடியில் பூச்சு உதிர்ந்த இடத்தில் பட்டுத் திரும்பியதால் வந்த வினை. அதைவிட வருத்தம், வேறு இரண்டு சோதனைகள் கோளாறு இருக்கிறது என்று முன்பே காட்டின. அவை துல்லியம் குறைந்த கருவிகள் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்க் 'கண்ணாடி' மாட்டிவிட்ட பிறகுதான் பார்வை தெளிந்தது.

அந்தப் பாடம் வீண் போகவில்லை. 2021 டிசம்பர் 25-ல் ஏவிய ஜேம்ஸ் வெப்பின் 6.5 மீட்டர் கண்ணாடி 18 துண்டுகளால் ஆனது. 2022 பிப்ரவரியில் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபோது தெரிந்தது 18 மங்கலான புள்ளிகள். யாரும் பதறவில்லை, அதை எதிர்பார்த்தே திட்டமிட்டிருந்தார்கள். ஒவ்வொரு துண்டாக அசைத்து, எந்தப் புள்ளி எதனுடையது என்று பார்த்து, கிட்டத்தட்ட மூன்று மாதம் பொறுமையாகச் சேர்த்தார்கள். மொட்டை மாடியில் 'இந்தத் திருகைத் திருப்பினால் நட்சத்திரம் எந்தப் பக்கம் போகிறது, சொல்லு' என்று கேட்பதும் அதே வேலைதான். அளவுதான் வேறு.

ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் பலருடைய லாஃப்டில், பழைய சூட்கேஸுக்கும் கொலு படிக்கும் நடுவில் ஒரு டெலஸ்கோப் படுத்திருக்கும். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது, ஒரு வாரம் பார்த்துவிட்டு 'சீன மால், சரியில்லை' என்று தீர்ப்பெழுதி மேலே ஏற்றியது. ஒரு சனிக்கிழமை இறக்குங்கள். ஆட்டம், ஃபைண்டர், குறைந்த உருப்பெருக்கம், கண்ணாடிகளின் நேர், சூடு ஆறுதல். இந்த ஐந்தையும் இதே வரிசையில் பாருங்கள். எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் அப்புறம் திட்டலாம். ஸ்க்ரூடிரைவரை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை வைத்து 'இன்னும் கொஞ்சம்' சொல்கிற வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.